ரெட்டையில் இரண்டாவது

குறைமாதக் குழந்தைகள் பிரிவில் 11 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். அரசு மருத்துவமனைதான், ஊர் பெயர் வேண்டாம். எங்கள் வார்டில் குழந்தைகளுக்குப் பெயர் கிடையாது. அம்மா பெயரை எழுதி முன்னால் 'பேபி' என்று போடுவோம், ரெட்டை என்றால் கூடவே ட்வின் 1, ட்வின் 2. முதலில் வெளியே வந்தது 1. சில நிமிட வித்தியாசம், அவ்வளவுதான்.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த பெண் அவள். 29 வாரக் கர்ப்பம், ரெட்டை. ராத்திரி இடுப்பு வலி வந்ததும் சூட்டு வலி என்று சீரகத் தண்ணீர் வைத்துக் குடித்திருக்கிறாள், விடிந்த பிறகுதான் 108-க்குப் போன் செய்திருக்கிறார்கள். பிரசவம் முந்திவிடும் என்று தெரிந்தால் குழந்தையின் நுரையீரல் பக்குவப்பட அம்மாவுக்கு டெக்சாமெத்தசோன் ஊசி போடுவோம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு. அவளுக்கு ஒன்றுதான் போட முடிந்தது. இரண்டாவதற்கு நேரம் வருவதற்குள் பிள்ளைகள் வந்துவிட்டன. பையன் 1,150 கிராம், பெண் 980 கிராம்.

எல்லோருடைய கண்ணும் பையன் மேல்தான். கிலோவைத் தாண்டியவன் என்று ஒரு தெம்பு. ஆனால் குறைமாதத்தில் ஆண் குழந்தைகள்தான் சீக்கிரம் தளர்ந்துபோகும், இது இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும், அப்பா அம்மாவிடம் சொல்ல மட்டும் யாருக்கும் வாய் வராது. இரண்டு பேருக்கும் நுரையீரல் விரிய சர்ஃபாக்டன்ட் மருந்து கொடுத்து, மூச்சுக்குக் காற்றழுத்தம் தரும் சிபேப்பை மூக்கில் வைத்து, சூடு கொடுக்கும் வார்மரில் பக்கத்துப் பக்கத்தில் போட்டிருந்தோம். மூன்றாம் நாள் அதிகாலை பையனுக்கு மூளைக்குள் ரத்தக் கசிவு. இத்தனை வாரத்திலேயே பிறக்கும் குழந்தைகளுக்கு அங்கே ரத்தக் குழாய்கள் அவ்வளவு மெலிசு, கசிவதென்றால் பெரும்பாலும் முதல் மூன்று நாளில்தான் கசியும். மூன்று நாள் தாண்டட்டும் என்று டாக்டர்கள் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். சில மணி நேரம்தான் தாக்குப்பிடித்தான்.

அப்பாக்காரர் புதுத் துண்டு ஒன்று வாங்கி வந்தார். சுற்றிக் கொடுத்தேன், கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். அம்மாவிடம் ஒரு நிமிடம் காட்டினார்கள், பச்சை உடம்புக்காரி அதிகம் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் உடனே வாங்கிக்கொண்டார்கள். அவள் அழுதாள். அப்போது நான் சொன்னேன்: "அழாதம்மா, ஒண்ணாவது கையில இருக்கே, அதப் பாரு." அவள் அழுகையை நிறுத்தினாள். அதை ஆறுதல் என்று நினைத்துக்கொண்டு நான் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

அதற்கப்புறம் அவள் எங்கள் முன்னால் அழவே இல்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்து பால் பீய்ச்சிக் கொடுப்பாள். பெண் குழந்தைக்கு அப்போது ஒரு வேளைக்கு 2 மில்லி, டியூப் வழியாக. அவளோ இரண்டு கிண்ணம் கொண்டுவந்து வைப்பாள். ஒரு கிண்ணமே மிச்சம் என்று எனக்குத் தெரியும், இரண்டையும் வாங்கிக்கொள்வேன். மிச்சப் பாலைத் தாய்ப்பால் வங்கிக்கு அனுப்பலாமா என்று கேட்டபோது, அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பையனுக்குக் குடுப்பாங்களா, பொண்ணுக்கா?" தெரியாதும்மா, எல்லாவற்றையும் கலந்து காய்ச்சித்தான் கொடுப்பார்கள் என்றேன். சரி என்று கையெழுத்துப் போட்டாள்.

பன்னிரண்டாம் நாள் குழந்தையை வேறு வார்மருக்கு மாற்றினோம். புதிதாகச் சேர்ந்த சிஸ்டர் ஒருத்தி அட்டையைத் திருப்பி எழுதும்போது 'ட்வின் 2' என்பதை விட்டுவிட்டாள். இப்போது ஒரு குழந்தைதானே என்று அவளுக்கு. பால் கொண்டுவந்த அம்மா அட்டையைப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், இது எங்களது இல்லையே" என்றாள். எங்கள் வார்டில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம், குழந்தை மாறிவிட்டது என்பது. எனக்கு வியர்த்துவிட்டது. ஓடிப்போய்க் காலில் கட்டிய டேக்கைப் பார்த்தோம், சரியாகத்தான் இருந்தது. "பாப்பா என்னதுதான் சிஸ்டர்," என்றாள். "அட்டைதான் என்னது இல்ல."

பழைய அட்டையைத் தேடி எடுத்து மாட்டினேன். அன்றைக்குத்தான் அவள் மறுபடி அழுதாள், நான் எதுவும் சொல்லாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நடுவில் சொன்னாள், பாப்பாவைத் தொடவே பயமாக இருக்கிறதாம், தன் கை பட்டால் இதுவும் போய்விடுமோ என்று. அடுத்த நாளே கங்காரு முறையில், தோலோடு தோல் படும்படி, குழந்தையை அவள் மார்பில் போட்டுவிட்டோம். இன்குபேட்டர் பற்றாமல் கொலம்பியாவின் போகோட்டாவில் 1978-இல் தொடங்கிய முறை அது. வழியில்லாதவர்களுக்கான மாற்று என்று படித்துத்தான் நான் வேலைக்கு வந்தேன், இப்போது மெஷின் இருக்கிற இடத்திலும் பிறந்ததும் மார்பில் போடு என்கிறார்கள். முதல் நாள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் குறட்டை விட்டுத் தூங்கினாள், நாங்கள்தான் குழந்தையைப் பிடித்துக்கொண்டோம்.

48-ஆம் நாள் 1,720 கிராமில் டிஸ்சார்ஜ். அதற்குள் பாலாடையில் குடிக்கப் பழகிவிட்டது. பையனுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்று, இறப்புச் சான்றிதழ் ஒன்று, இரண்டிற்கும் விவரம் எழுதிக் கொடுத்தது நான். கிளம்பும்போது கேட்டாள், "அவன் கால்ல கட்டின டேக் இருக்கா சிஸ்டர்?" இல்லை. துண்டில் சுற்றும்போது கத்தரித்துக் குப்பையில் போட்டது என் கைதான். தேடிப் பார்க்கிறேன் என்று பொய் சொன்னேன்.

இங்கிலாந்தில் இப்படி ஒன்றைப் பறிகொடுத்த ரெட்டையின் தொட்டிலில் ஊதா வண்ணத்துப்பூச்சிப் படம் ஒட்டுகிறார்கள், பார்ப்பவர்கள் தெரியாமல் எதையாவது சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. எங்கள் ஹெட் நர்ஸிடம் சொன்னேன். "இங்க ஒட்டினா அழகா இருக்கேன்னு எல்லாத் தொட்டிலுக்கும் கேப்பாங்கடி" என்றார். உண்மைதான். அதனால் டியூட்டி மாறும்போது வாயால் சொல்லிவிடுகிறோம், ரெட்டையில் இரண்டாவது, முதல் குழந்தை இன்ன நாள் இறந்தது என்று. அட்டையில் ட்வின் நம்பரை யாரும் எடுப்பதில்லை.

டேக்கை இப்போது தனி கவரில் போட்டு, தேதி எழுதி என் டிராயரில் வைக்கிறேன். சிலர் போகும்போதே வாங்கிக்கொள்கிறார்கள், ஒருத்தர் ஒன்றரை வருடம் கழித்து வந்து கேட்டார். மூன்று கவர் இன்னும் இருக்கிறது.