அமெரிக்காவில் வீட்டுக் கடன்: தவணையை மட்டும் கணக்குப் போட்ட நான்

வீடு பிடித்துப்போக எங்களுக்கு இரண்டு வாரம். கடன் கிடைக்க ஏழு வாரம். கேட்ட காகிதத்தையே திரும்பத் திரும்பக் கேட்டபோது, "என்னை நம்பவில்லையா?" என்று லோன் ஆபீசரிடம் கோபப்பட்டேன். "சட்டம் நம்பச் சொல்லவில்லை சார், சரிபார்க்கச் சொல்கிறது" என்றார் அவர்.

உண்மைதான். 2008 பொருளாதாரச் சரிவுக்கு முன்பு வருமானத்தை வாயால் சொன்னாலே கடன் கொடுத்தவர்கள் இருந்தார்கள். கட்ட முடியாமல் எத்தனையோ குடும்பங்கள் வீட்டை இழந்தன. அதற்குப் பிறகு 2010இல் டாட்-ஃபிராங்க் என்ற நிதிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. அதன்படி 2014 ஜனவரியிலிருந்து வருமானம், வேலை, பழைய கடன்கள், கிரெடிட் ஹிஸ்டரி (முன்பு வாங்கிய கடன்களை ஒழுங்காகக் கட்டிய வரலாறு) என எட்டு விஷயங்களையாவது கடன் கொடுப்பவர் பார்த்தாக வேண்டும். பார்க்காமல் கொடுத்தால் கடன் வாங்கியவர் வழக்குப் போடலாம். தவணை கட்டாததால் வீடு பறிமுதலுக்கு (ஃபோர்க்ளோஷர்) போனாலும் அதைச் சொல்லி எதிர்வாதம் செய்யலாம்.

என் டபிள்யூ-2 (வருடச் சம்பளச் சான்று), பே ஸ்டப் (சம்பளச் சீட்டு) எல்லாம் சுலபமாக முடிந்தன. இடித்தது மனைவியின் வருமானம். சொந்தமாகத் தொழில் தொடங்கி 14 மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டு வருட வரிக் கணக்கு இல்லாததால் அவள் வருமானத்தை அடியோடு விட்டுவிட்டார்கள். இரண்டு வருடம் என்பது சட்டத்தில் இல்லை, கடன் கொடுப்பவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். அவள் உழைப்பைப் பக்கத்தில் இருந்து பார்த்த எனக்கு அது இன்னும் வருத்தம்தான்.

பிறகு லோன் ஆபீசர் ஒரு தாளைக் காட்டினார். தவணை 2,310 டாலர். அதுவரை என் மனக்கணக்கு அந்த வரியோடு நின்றிருந்தது. கீழே சொத்து வரி 540, இன்ஷூரன்ஸ் 145, குடியிருப்போர் சங்கக் கட்டணம் 95, கார் கடன் 410. மொத்தம் 3,500. வரிப் பிடித்தத்துக்கு முந்தைய என் மாதச் சம்பளம் 8,100. அதில் ஏறக்குறைய 43.2 சதவீதம் இந்தச் செலவுகளுக்கே! 'தகுதிக் கடன்' (கட்டும் திறனைச் சரிபார்த்துக் கொடுத்ததாகச் சட்டம் ஏற்கும் கடன்) என்ற வகைக்கு 43 சதவீத வரம்பு முன்பு விதியிலேயே இருந்தது. இப்போது அங்கே வட்டி விகிதத்தை வைத்துப் பார்க்கிறார்கள். ஆனாலும் எங்களுக்குக் கடன் கொடுத்தவர் அந்த 43 சதவீத வரம்பை விடவில்லை.

சேமிப்பிலிருந்து கார் கடனை அடைத்து, அடைத்ததற்கான கடிதத்தைக் கொடுத்தோம். 38 சதவீதத்துக்கு இறங்கியது.

கையெழுத்துக்கு முந்தின நாளும் என் அலுவலகத்துக்குப் போன் செய்து, நான் வேலையில் இருக்கிறேனா என்று கேட்டார்கள். அதனால் சாவி கைக்கு வரும்வரை வேலை மாறாதீர்கள், தவணையில் சோபாகூட வாங்காதீர்கள்.