கேள்வி கேட்காமல் ஏறும் டெபியன்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் பார்த்துக்கொள்ளும் பயிற்சி மையத்துக்காக டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் ஐஎஸ்ஓவை, அதாவது அதை நிறுவ உதவும் வட்டுக் கோப்பை, மாற்றிக் கட்டினேன். தமிழ்99 விசைப்பலகை, எழுத்துருக்கள், லிப்ரே ஆபீஸ் எல்லாம் நிறுவும்போதே ஏறிவிட வேண்டும். பென்டிரைவைச் செருகிவிட்டு ஆசிரியர் வகுப்புக்குப் போய்விடலாம், அதுதான் ஆசை.

நிறுவும் நிரல் (நிறுவி) கேட்கும் கேள்விகளுக்குப் பதில்கள் அத்தனையும் பிரிசீட் என்ற முன்பதில் கோப்பில் இருந்தும், மொழியையும் விசைப்பலகையையும் மட்டும் அது விடாமல் கேட்டது. காரணம் வரிசைதான். கோப்பு ஐஎஸ்ஓவுக்குள் சும்மா கிடந்தால், பென்டிரைவ் மவுண்ட் ஆன (படிக்கத் தயாரான) பிறகுதான் படிக்கப்படும்; இந்தக் கேள்விகளோ அதற்கு முன்பே வந்துவிடும். கோப்பை, தொடக்கத்திலேயே நினைவகத்தில் ஏறிவிடும் இனிட்ஆர்டிக்குள் நுழைத்தேன், கேள்வி நின்றது.

அப்புறம் வட்டு. எந்த வட்டில் நிறுவ வேண்டும் என்பதற்கு எஸ்டிஏ (sda) என்று லினக்ஸ் தரும் பெயரை எழுதி வைப்பது ஆபத்து. வேறு வகைப் பெயர் பெறும் என்விஎம்இ (NVMe) வட்டுள்ள கணினியில் அந்தப் பெயர் பென்டிரைவுக்கே போகலாம்! எது உள்வட்டு என்று அந்த நேரத்திலேயே கண்டுபிடிக்கும் சிறு ஸ்கிரிப்டை வட்டைப் பிரிக்கும் பார்ட்மேன் தொடங்கும் முன் ஓடவிட்டேன்.

எங்காவது நின்றால் சிவப்புத் திரையை முறைத்துக்கொண்டிருக்க வேண்டாம். படங்களின்றி எழுத்துகளாலேயே ஓடும் (டெக்ஸ்ட் மோட்) நிறுவியில் ஆல்ட்டுடன் எஃப்4 அழுத்துங்கள். அங்கே ஓடும் பதிவில்தான் விஷயம் இருக்கும். கணினியைத் தொடக்கும் இரு முறைகளான யுஇஎஃப்ஐ, பழைய பயாஸ் இரண்டிலும் கியூஎம்யூ என்ற மெய்நிகர் கணினியில் ஓட்டிப் பார்ப்பதை நான் தவிர்ப்பதே இல்லை.

2025-இல் வந்த டெபியன் 13-க்கு 32 பிட் நிறுவி கிடையாது. அதனால் மூலையில் இருக்கும் பழைய கணினிகளுக்காக 12-இன் ஐஎஸ்ஓவைத் தனியாக வைத்திருக்கிறேன்.