எந்த ஆண்டின் வீடு?

பெயர் பெற்ற கட்டடக் கலைஞர் ஒருவர் ஒரே ஒரு குடும்பத்துக்காக வரைந்து கட்டிய பெரிய வீடு அது. மூன்று தலைமுறை குடியிருந்தபின் அதைப் பொதுமக்களுக்கான அருங்காட்சியகமாக்க அறக்கட்டளை ஒன்று அமைந்தது. தொழிலால் நான் கணக்கன். பணத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றுதான் என்னைச் சேர்த்தார்கள். ஆனால் கூட்டங்களில் அதிக நேரத்தை விழுங்கியது பணம் அல்ல, "எந்த ஆண்டின் வீட்டைக் காட்டப்போகிறோம்?" என்ற கேள்விதான்.

அதற்கு முன் சட்ட வேலை. வாரிசுகளில் ஒருவர் விற்றுவிடலாம் என்றார், மற்றவர்கள் கொடுத்துவிடலாம் என்றார்கள். பேசிப் பேசி ஒருவழியாக இணங்கியபோது, தானப் பத்திரத்தில் நிபந்தனைகளைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று வழக்கறிஞர் பிடிவாதமாக நின்றார். இடிக்கக் கூடாது, மனையைப் பிரிக்கக் கூடாது, முகப்பையும் முக்கிய அறைகளையும் மாற்றக் கூடாது, அறக்கட்டளையே கலைந்துபோனாலும் அடுத்து வருபவரை இவை கட்டுப்படுத்தும். அப்போது அது எனக்கு மிகையாகப் பட்டது. பின்னால், தோட்டத்தின் ஒரு மூலையை விற்றால் கூரைச் செலவு தீருமே என்று எங்கள் கூட்டத்திலேயே ஒருவர் சொன்னபோதுதான் அந்தப் பிடிவாதத்தின் அருமை புரிந்தது.

பத்திரம் கட்டடத்துக்கு மட்டும்தான். நாற்காலிக்கும் விளக்குக்கும் தனி ஒப்பந்தம் வேண்டும். இப்படிப்பட்ட வீடுகளில் மேசை, கைப்பிடி, கம்பளம் வரைக்கும் கட்டடக் கலைஞரே வரைந்திருப்பார், அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் சுவர். எங்களிடமிருந்து சில முன்பே கைமாறிப் போயிருந்தன. நம்பிக்கை கொடுத்தது செக் குடியரசில் உள்ள புர்னோ நகரின் துகென்ட்ஹாட் வீடு. கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ வரைந்து 1930-இல் முடிந்த அந்த வீட்டின் உணவறையில் வளைந்த கருங்காலிப் பலகைச் சுவர் ஒன்று இருந்தது. போர்க்காலத்தில் காணாமல் போன அதன் பலகைகள் 2011-இல், முன்பு கெஸ்டபோ என்ற நாஜி ரகசியப் போலீஸ் இருந்த கட்டடத்தில், ஒரு பல்கலைக்கழகச் சிற்றுண்டிச் சாலையின் சுவரில் அகப்பட்டன. அதைப் படித்தபின் பழைய புகைப்படங்களை வைத்துக்கொண்டு வாரிசுகளின் உறவினர் வீடுகளுக்கெல்லாம் கடிதம் போட்டோம். கொஞ்சம் திரும்பி வந்தது.

இப்போது அந்த ஆண்டுக் கேள்வி. லண்டனில் ஜான் சோன் என்ற கட்டடக் கலைஞர் தன் வீட்டுக்காக 1833-இல் நாடாளுமன்றச் சட்டமே இயற்ற வைத்தார்: தாம் இறக்கும்போது எப்படி இருந்ததோ, கூடியவரை அப்படியே இருக்கவேண்டும். 1837-இல் அவர் காலமானார். ஆண்டு குறித்த விவாதத்துக்கே இடமில்லை. எங்களுக்கு அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. முதல் தலைமுறை கட்டியது, இரண்டாவது தலைமுறை திறந்த தாழ்வாரத்தைக் கண்ணாடி போட்டு மூடியது, மூன்றாவது தலைமுறை சமையலறையை அடியோடு மாற்றியது. "கட்டிய நாளுக்குத் திருப்புவோம், பின்னால் வந்ததையெல்லாம் அகற்றுவோம்" என்பதே பெரும்பாலோர் கட்சி. கேட்பதற்கு அது சுத்தமான தீர்வு.

அதைத் தடுத்தது ஒரு காகிதம். கட்டடக் கலைஞரின் அலுவலக ஆவணங்களில் பழைய கட்டடத்தைப் பேணிக்காக்க நாங்கள் அமர்த்திய வல்லுநர் தேடியபோது, தாழ்வாரத்தை மூடும் வரைபடமே கிடைத்தது, வீட்டை வரைந்தவரின் கையொப்பத்துடன். எங்களில் பாதிப்பேர் "அசிங்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்த கண்ணாடிச் சட்டம் அவர் வரைந்தது! அன்றைக்கு விவாதம் திரும்பியது. கட்டிய நாளைவிட, அவர் கை கடைசியாகப் பட்ட ஆண்டை அளவுகோலாக வைத்தோம். சமையலறை அவருக்குப் பிந்தியது. ஆனாலும் இடிக்கவில்லை. பழைய சமையலறைக்குப் படமும் இல்லை, அளவும் இல்லை. பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான பன்னாட்டு நெறியான 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் இதற்கென்றே ஒரு வரி வைத்திருக்கிறது: ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டெடுப்பு நின்றுவிட வேண்டும். அதனால் அந்த அறை தன் காலத்திலேயே நிற்கிறது, வாசலில் ஒரு குறிப்பு மட்டும். சில உறுப்பினர்களுக்கு இன்றும் இதில் மனக்குறை. கற்பனையில் கட்டிய சமையலறையைவிட உண்மையான பின்னாள் சமையலறையே மேல் என்பது என் கட்சி.

ஆண்டு முடிவானதும் சுவர் வண்ணம் வந்தது. எல்லாச் சுவரும் வெள்ளை. வீட்டில் பிறந்து வளர்ந்த மூத்த அம்மையார், "தம்பி, இந்தக் கூடம் வெள்ளையாக இருந்ததே கிடையாது, பச்சை" என்றார். வல்லுநர் ஒருவர் வந்து கண்ணுக்குத் தெரியாத மூலைகளில் நகக்கண் அளவுக்குச் சாயத்தைப் பெயர்த்தெடுத்து, குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் பார்த்தார். அடுக்கு அடுக்காக வரலாறு. அடியில் இருப்பதுதான் முதல் நிறம் என்று நாங்கள் முடிவுகட்டப் போனோம், அவர் சிரித்தார். அது அடிப்பூச்சாகவும் இருக்கலாம். அடுக்குகளுக்கு இடையில் அழுக்குக் கோடு தெரிந்தால்தான் அந்த வண்ணம் ஒருகாலத்தில் வெளியே தெரிந்தபடி இருந்தது என்று கொள்ளலாம். இன்னொரு சிக்கல்: ஆளி விதை எண்ணெய் கலந்த சாயம், மேல்பூச்சின் கீழே இருளில் கிடந்தால் மஞ்சளித்துவிடும். சுரண்டியவுடன் தெரியும் நிறத்தை அப்படியே நம்பாமல், கொஞ்ச காலம் வெளிச்சம் பட விட்டு, பிறகு பார்க்க வேண்டும். பார்த்தோம். சாம்பல் கலந்த பச்சை. அம்மையார் ஒருவரையும் நிமிர்ந்து பார்க்காமல், "அப்பவே சொன்னேனே" என்று மட்டும் சொன்னார்.

ஈரம் எங்களைப் படுத்திய பாட்டைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்குப் பின்னாளில் யாரோ சிமெண்டுப் பூச்சு பூசியிருந்தார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்டு அடைத்து வைக்கும், உள்ளே செங்கல் உப்புப் பொரிந்து உதிரும். சிமெண்டை அகற்றிச் சுண்ணாம்பு பூசிச் சுவரை உலரவிட்டோம், எந்த அவசரமும் அங்கே செல்லாது. ஆனால் பழியெல்லாம் பின்னால் வந்தவர்மேல் போட்டுவிடவும் முடியாது. ஸ்காட்லாந்தில் கட்டடக் கலைஞர் சார்லஸ் ரென்னி மெக்கின்டோஷ் 1904-இல் முடித்த ஹில் ஹவுஸுக்கு, சிமெண்டுப் பூச்சைத் தேர்ந்தவரே அவர்தான். நூறாண்டு மழையில் வீடு ஊறி, 2019-இல் முழுவீட்டையும் சுற்றிக் கூரையிட்ட வலைக்கூண்டு ஒன்றைக் கட்டி உள்ளே உலரவிட வேண்டியதாயிற்று. மேதையின் முடிவு என்பதாலேயே ஒன்று சரியாகிவிடாது.

பொறியாளர் சொன்னது வேறொரு தலைவலி. குடியிருப்பு வீட்டின் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 முதல் 200 கிலோ பாரம் தாங்கும்படி கணக்கிடுவார்கள், கூட்டம் கூடும் அருங்காட்சியகத்துக்கு 400, 500 வேண்டும். தளத்துக்கடியில் இரும்பு கொடுக்கலாம், கொடுத்தால் கீழ் அறையின் மர விதானம் போய்விடும். விதானத்தைக் காப்பதற்காகக் கூட்டத்தைக் குறைத்தோம். மாடிக்குச் சிறு குழு, வழிகாட்டியுடன், முன்பதிவில் மட்டும். கூர்க்குதிகால் செருப்புக்குத் தடை, ஏனென்றால் முழு எடையும் ஒரு புள்ளியில் இறங்கினால் மரத்தரையில் குழி விழும். வெளிச்சத்துக்கும் அப்படியே கணக்கு உண்டு. துணி, நீர்வண்ண ஓவியத்துக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு), எண்ணெய் ஓவியத்துக்கு 200 வரை. பெரிய சன்னல்களின் வழியே ஒளி கொட்ட வேண்டும் என்பதே அந்தக் கட்டடக் கலைஞரின் எண்ணம். மூல திரைச்சீலைகளைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு நகல்களைத் தொங்கவிட்டோம், கண்ணாடிக்குப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் படலம் ஒட்டினோம். சன்னல் திறந்தே இருக்கிறது.

கடைசியாக என் துறை. நுழைவுச்சீட்டு வருமானத்தில் இப்படிப்பட்ட வீடு ஓடாது, அதிலும் குழுவைச் சுருக்கியபின் சொல்லவே வேண்டாம். திறப்பதற்கு முன்பே வைப்புநிதி திரட்டி, முதலைத் தொடாமல், ஆண்டுக்கு 4 சதவீதம் அளவில் மட்டும் எடுப்பது என்று வைத்துக்கொண்டோம். நன்கொடையாளர்கள் வண்ணக் கண்ணாடிச் சன்னலுக்குப் பெயர்ப்பலகை கேட்பார்கள். மழைநீர்க் குழாய்க்கு யாரும் கேட்பதில்லை, ஆனால் அது அடைத்தால் சன்னலும் போகும். ஒவ்வொரு சன்னல் நன்கொடையிலும் ஒரு பங்கு பராமரிப்புக்குப் போகும் என்று ரசீதிலேயே அச்சடித்தோம். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

தீராதது மின்தூக்கி. சக்கர நாற்காலியில் வருபவர் தரைத்தளம் முழுக்கச் சுற்றலாம், பின்வாசலில் சரிவுப்பாதை உண்டு. மாடிக்கு வழியில்லை. படிக்கட்டைத் தொட முடியாது, வெளியே கோபுரம் போல் எழுப்பினால் பின்முகப்பு கெடும். மாடி அறைகளைக் கீழே திரையில் காட்டுகிறோம். அது ஈடாகாது என்று பார்க்க வந்தவர்களே எழுதிப் போட்டிருக்கிறார்கள். பழைய சேவகர் படிக்கட்டு இருந்த கூண்டுக்குள் சிறிய தூக்கி அடங்குமா என்று இப்போது அளவெடுத்துக்கொண்டிருக்கிறோம். அடங்கினால் அந்தப் படிக்கட்டு போகும், அதுவும் அவர் வரைந்ததுதான்.