ரீம் கணக்கில் பேப்பர், சாக்கு கணக்கில் களிமண்

என் மூத்த மகள் ஏழு வயதில் ஒரு குதிரை வரைந்தாள். நல்ல விலை கொடுத்து வாங்கிய பெரிய டிராயிங் நோட்டு, அழுத்தமான தாள், பக்கத்துக்குப் பக்கம் நடுவில் பட்டர் பேப்பர் வேறு. குதிரை மட்டும் தீப்பெட்டி அளவுகூட இல்லை, தாளின் மூலையில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. சித்திரைத் திருவிழா முடிந்த வாரம் அது, அழகர் ஏறி வந்த தங்கக் குதிரையை இரவெல்லாம் விழித்திருந்து பார்த்துவிட்டு வந்த பிள்ளை அவள். "ஏன்டி இத்தனூண்டு வரைஞ்சிருக்க?" என்று கேட்டேன். "மிச்ச இடத்துல இன்னும் நாலு படம் வரையலாம்லம்மா. நோட்டு தீந்துட்டா திட்டுவீங்க" என்றாள்.

திட்டியிருக்கிறேன். அந்த நோட்டைக் கையில் கொடுக்கும்போதே "வெல கூடப்பா, பாத்து வரை" என்று சொல்லித்தான் கொடுத்தேன். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, பிள்ளைகளுக்கு என்ன பொருள் வாங்கிக் கொடுக்கிறோம் என்பதைவிட அது தீர்ந்துவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறதா இல்லையா என்பதுதான் பெரிய விஷயம் என்று.

எங்கள் வீடு மதுரை திருநகரில். மகளும் சின்னவனும் பள்ளிக்கூடம் போவதில்லை, நாலு வருடமாக வீட்டில்தான் படிக்கிறார்கள். புதிதாக வீட்டுக் கல்வி தொடங்குகிற அம்மாக்கள் என்னிடம் முதலில் கேட்பது பாடப் புத்தகம் பற்றி, அதற்கு அடுத்து "கிராஃப்ட் சாமான் எல்லாம் எங்கே வாங்குறீங்க, என்னென்ன வாங்கணும்?" என்று. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதல் வருடம் நான் வாங்கியதில் பாதி வீண். 48 கலர் பென்சில், ஜிகினா டப்பா, உருட்டு முழி கண்கள், ஸ்டிக்கர், பைப் கிளீனர், அப்புறம் ஆன்லைனில் வருமே, பெட்டியோடு எல்லாம் அளந்து வைத்த செய்முறை கிட், அதில் மூன்று. ஒரு கிட்டில் இருந்த களிமண் பிரிக்கும்போதே கல்லாகக் காய்ந்திருந்தது. மற்ற இரண்டையும் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் செய்து முடித்தார்கள், பெட்டி மேல் இருந்த படத்தில் எப்படி இருந்ததோ அப்படியே. அதோடு சரி, மறுநாள் அதைத் தொட ஆளில்லை. தப்பாகப் போவதற்கே இடமில்லாத ஒரு வேலையில் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்?

இப்போது எங்கள் அலமாரியில் வகை குறைவு, அளவு அதிகம். பேப்பர், பசை, நாலைந்து நிறம், களிமண், துணியும் நூலும், நல்ல கத்தரிக்கோல். இவ்வளவுதான்.

பேப்பரில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கஞ்சத்தனம் காட்டக்கூடாத முதல் பொருள் அது. அன்றாடம் கிறுக்க, மடிக்க, வெட்ட ஏ4 ஜெராக்ஸ் பேப்பர் ரீமாக வாங்குங்கள், நோட்டாக வேண்டாம். நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால் பிள்ளைக்கே குற்ற உணர்ச்சி வருகிறது, உதிரித் தாளில் அது இல்லை. கட்டின் மேல் 80 ஜிஎஸ்எம் என்று போட்டிருப்பார்கள். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 80 கிராம் என்று பொருள். 16 ஏ4 தாள்களைப் பரப்பினால் கிட்டத்தட்ட சரியாக ஒரு சதுர மீட்டர் வரும், ஆகவே ஒரு தாள் 5 கிராம், 500 தாள் உள்ள ஒரு ரீம் இரண்டரைக் கிலோ. இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, தரையில் 16 தாளைப் பரப்பி டேப் வைத்து அளந்து, சமையலறைத் தராசில் முழு ரீமையும் ஏற்றி அவர்களே கண்டுபிடித்தார்கள். ஒரு நாள் கணக்குப் பாடம் அதிலேயே முடிந்தது.

மாசி வீதிப் பக்கம் நான் வாங்கும் மொத்தக் கடையில் வயதான ஒரு அய்யா இருக்கிறார், அவருக்கு இன்னும் குயர் கணக்குத்தான். ஒரு குயருக்கு 24 தாள், 20 குயர் ஒரு ரீம், அப்படிப் பார்த்தால் 480தான் வரும். "இப்ப 500 குடுக்குறாங்கல்ல, அப்ப லாபந்தானே தாயி" என்று மகளிடம் சொன்னார். அவள் வீடு வரும்வரை பஸ்ஸில் அதையே பெருக்கிக்கொண்டு வந்தாள்.

ஜெராக்ஸ் பேப்பரில் தண்ணீர்க் கலர் அடித்தால் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். அதற்கென்றே வருகிற 300 ஜிஎஸ்எம் தாள் விலை அதிகம், தினமும் கொடுக்க முடியாது. கார்ட்ரிட்ஜ் தாள் என்று கொஞ்சம் தடிமனான டிராயிங் தாள் கிடைக்கும், அதை வாங்கி, நாலு ஓரத்தையும் பரீட்சை அட்டையில் டேப் போட்டு ஒட்டி, காய்ந்த பிறகு டேப்பை மெதுவாக உரித்தால் ஓரளவு நேராகவே நிற்கிறது. பெரிய படத்துக்கு 22க்கு 28 அங்குல சார்ட். அப்புறம், காசே இல்லாமல் கிடைக்கும் அருமையான அட்டை ஒன்று இருக்கிறது, பழைய கல்யாணப் பத்திரிகை. ஒரு ஆவணி, தை முகூர்த்தத்துக்கு எத்தனை வந்து சேருகிறது நமக்கு! கவர் தனி, அட்டை தனியாகப் பிரித்து வையுங்கள்.

மே கடைசியிலும் ஜூனிலும் இந்தக் கடைகளுக்குப் போகாதீர்கள். பள்ளி திறக்கிற கூட்டத்தில் கேட்டதை எடுத்துக் காட்ட ஆள் இருக்காது. நமக்குத்தான் ஜூன் என்று ஒன்று கிடையாதே, ஜூலையில் நிதானமாகப் போகலாம்.

பசைக்கு ஃபெவிகால் ஒரு கிலோ டப்பாவாக வாங்கிச் சின்னக் குப்பிகளில் ஊற்றிக் கொடுக்கிறேன். ஆனால் காகிதக் கூழ் பொம்மை, பெரிய ஒட்டு வேலை என்று வந்தால் மைதாப் பசைதான். ஒரு டம்ளர் தண்ணீருக்கு இரண்டு மூன்று ஸ்பூன் மைதா, கட்டி தட்டாமல் கரைத்து, அடுப்பில் வைத்துப் பளபளவென்று வரும்வரை கிண்டினால் முடிந்தது. மதுரை வெயிலுக்கு மறுநாளே புளித்த வாடை வந்துவிடும், மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் கைவைக்கிற பசையில் அதற்கு இடமே இல்லை.

நிறம் வாங்குவதில்தான் நான் அதிகம் தடுமாறினேன். போஸ்டர் கலரில் 12 நிறம் உள்ள சின்னக் குப்பிப் பெட்டி வேண்டாம். பெரிய குப்பியாக சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, வெள்ளை வாங்குங்கள், வெள்ளையை மட்டும் இரண்டாக வாங்குங்கள், எப்போதும் முதலில் தீர்வது அதுதான். சிவப்பிலும் நீலத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஆரஞ்சு சாய்ந்த ஸ்கார்லெட்டையும் பச்சை சாய்ந்த பிரஷ்யன் நீலத்தையும் கலந்தால் கத்திரிப்பூ நிறம் வரவே வராது, சேறு மாதிரி ஒரு பழுப்புதான் வரும். என் மகள் இரண்டு நாள் அழாத குறையாகக் கலந்து பார்த்தாள். கிரிம்சனும் அல்ட்ராமரீனும் வாங்கிக் கொடுத்த பிறகுதான் அவள் நினைத்த கத்திரிப்பூ வந்தது. வசதி இருந்தால் இரண்டு சிவப்பு, இரண்டு நீலம் வைத்துக்கொள்ளுங்கள்.

சமையலறை நிறங்களும் நன்றாக உதவும். மஞ்சள் தேய்த்த தாளில் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தொட்டு எழுதினால் ஆரத்திச் சிவப்பு வரும், சங்குப்பூ ஊறிய நீலத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகி இளஞ்சிவப்பாகும். சுண்ணாம்பிலும் மஞ்சள் சிவக்கும்தான், ஆனால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் நான் சோப்போடு நிறுத்திக்கொண்டேன். பரணில் கிடக்கிற பழைய பெயிண்ட் டின்னை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு, அளவைத் தாண்டக்கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். தாத்தா கேட்டுக்கு அடித்த மிச்சத்தில் என்ன இருக்கிறதென்று யார் பார்த்தது?

களிமண்ணுக்கு நாங்கள் கொடுத்து வைத்தவர்கள், விளாச்சேரி பக்கத்திலேயே இருக்கிறது. கொலு பொம்மையும் பிள்ளையாரும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மையும் செய்கிற ஊர். அங்கே பொம்மை செய்கிற ஒரு வீட்டில் கேட்டுத்தான் சாக்கு கணக்கில் மண் வாங்குகிறோம். முதல் தடவை அந்த அம்மா "இம்புட்டு மண்ண வச்சு என்னத்தா செய்யப் போற?" என்று கேட்டார். பிள்ளைகளுக்கு என்றதும் தானே ஒரு உருண்டை எடுத்து, மண்ணை எப்படி அடித்துப் பிசைந்து உள்ளே இருக்கும் காற்றை எடுக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். எந்தக் கிட்டும் அதைச் சொல்லித் தராது.

மண்ணை மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில், மேலே ஈரச் சாக்கு போட்டு வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. செய்ததை நிழலில் காய வையுங்கள், வெயிலில் வைத்தால் வெடிக்கும். சூளை இல்லாததால் சுட முடியாது, ஆனால் அதில் ஒரு வசதியும் இருக்கிறது. பிடிக்காததை உடைத்து ஊறப்போட்டால் திரும்பவும் மண். அரைகுறையாகக் காய்ந்ததை ஊறவைத்தால் கட்டி கட்டியாக நிற்கும், எலும்பு மாதிரி காயவிட்டு அப்புறம் தண்ணீரில் போட்டால் தானாகக் கரைந்து இறங்கும். 2023ல் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்குப் போய்வந்த வாரம் வாளி மண் முழுவதும் பானை ஓடாக மாறியது. அங்கே ஓட்டில் ஆதன் என்ற பெயரைத் தமிழியில், அதாவது பழைய தமிழ் எழுத்தில், கீறியிருந்ததைப் பார்த்துவிட்டு, இருவரும் தங்கள் பெயரைக் கீறினார்கள், அந்த எழுத்தை யாரும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை.

துணிக்கு டெய்லர் கடைதான். மீனாட்சியம்மன் கோயில் எதிரே புது மண்டபத்துக்குள் இருந்த தையல் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அழகர் திருவிழாவுக்கு வேடம் போடுகிறவர்களின் உடுப்பைத் தைக்கிறவர்கள் இவர்கள், பங்குனி கடைசியில் போய் "அண்ணே, வெட்டுத்துணி இருக்கா" என்று கேட்டால் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக வெல்வெட், ஜரிகைத் துண்டு ஒரு பை நிறையக் கிடைக்கும். பாசி, சமிக்கி, எம்ப்ராய்டரி நூல் எல்லாம் அந்தச் சுற்றிலேயே நடந்து வாங்கலாம்.

கத்தரிக்கோல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சின்னவனுக்கு நொட்டாங்கைப் பழக்கம். ஒரு வருடம் அவன் வெட்டிய எதுவும் கோட்டில் நிற்கவில்லை, பேப்பர் மடங்கி மடங்கி உள்ளே போகும், கைப்பழக்கம் போதவில்லை என்றுதான் நினைத்தோம். சாதாரணக் கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால் இரண்டு அலகும் அழுந்துவதற்குப் பதிலாக விலகும், வெட்டுகிற கோட்டையும் மேல் அலகு மறைத்துவிடும். இது தெரிந்த பிறகு கடை கடையாகக் கேட்டேன், கிடைக்கவில்லை, ஆன்லைனில்தான் இடக்கைக் கத்தரிக்கோல் வாங்கினேன். அன்று மாலையே வட்டத்தை வட்டமாக வெட்டினான். உங்கள் வீட்டில் இடக்கைப் பிள்ளை இருந்தால் வேறு எதற்கும் முன்னால் இதை வாங்குங்கள், கையை மாற்றச் சொல்லாதீர்கள்.

இவ்வளவும் வாங்கிப் பூட்டி வைத்தால் பயனில்லை. எங்கள் அலமாரியின் கீழ்த்தட்டு இரண்டும் பிள்ளைகளுடையது, கேட்காமல் எடுக்கலாம். பிளேடும் பெரிய ஃபெவிகால் டப்பாவும் மட்டும் மேலே. மாமியாருக்கு இதில் வருத்தம்தான், "பள்ளிக்கொடத்துக்கும் போகாம இப்படிப் பேப்பர வெட்டிக் கொட்டுதுக" என்பார். அவரிடம் வாதாடிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மகள் ஒரு நாள் அவருடைய கிழிந்த சுங்குடிச் சேலையில் பை தைத்துக் கொடுத்தாள். இப்போது ரேஷன் கடைக்கு அந்தப் பையோடுதான் போகிறார், ஆனால் குப்பையைப் பற்றிய பேச்சு நிற்கவில்லை.

ஒரு எச்சரிக்கை, அலமாரியை மாடி அறையில் வைக்காதீர்கள். எங்களுடையது முதலில் மொட்டை மாடி ஷீட் போட்ட அறையில் இருந்தது. கத்திரி வெயிலில் ஒரு டப்பா மெழுகு கிரேயான் முழுதும் உருகி ஒரே கட்டியாகிவிட்டது, போஸ்டர் கலர் அடியில் ஓடு போல் காய்ந்து கிடந்தது. இப்போது கீழே, கூடத்தில், சுவரை விட்டு நாலு விரல் தள்ளி வைத்திருக்கிறோம், கரையானுக்காக.

செலவுக்கு ஒரு வழி, கூட்டாக வாங்குவது. பசுமலையில் ஒரு குடும்பம், அவனியாபுரத்தில் ஒரு குடும்பம், நாங்கள், மூன்று வீடும் சேர்ந்து ஐந்து ரீம், இரண்டு சாக்கு மண் எடுத்துப் பிரித்துக்கொள்கிறோம். போன தடவை எடுத்த மண் வாளியில் கால்வாசிதான் இருக்கிறது. கொலு வேலை சூடு பிடிப்பதற்குள் போனால்தான் விளாச்சேரியில் நமக்கு மண் தர அவர்களுக்கு நேரமிருக்கும், அதனால் வருகிற சனிக்கிழமையே கிளம்புகிறோம். மகள் அவளுக்கென்று தனியாக ஒரு சாக்கு கேட்டிருக்கிறாள், குதிரை செய்யணுமாம்.