கழுத்துச் சிலுவையும் காலை வேலையும்

மொன்றியலில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் படிக்க வரும் நம் ஆட்கள் என்னிடம் தவறாமல் கேட்பது ஒன்று உண்டு. "அக்கா, கழுத்தில சிலுவை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாமோ? ஏதோ சட்டம் வந்திட்டுதாமே?" கேட்பவர்கள் பெரும்பாலும் மன்னார், யாழ்ப்பாணப் பக்கத்துக் கத்தோலிக்கர். சின்ன வயதிலிருந்து கழுத்தை விட்டு இறங்காத சங்கிலி அது. வேலையா சிலுவையா என்று வந்துவிடுமோ என உண்மையாகவே பயந்துபோய்க் கேட்பார்கள்.

சட்டம் வந்தது உண்மைதான். 2019 ஜூன் 16 அன்று, மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தின் சட்டமன்றம் 21ஆம் இலக்கச் சட்டமூலத்தை நிறைவேற்றியது. அரசுப் பள்ளி ஆசிரியர், பொலிஸ், அரச வழக்கறிஞர் போன்றவர்கள் வேலை நேரத்தில் எந்த மதச் சின்னமும் அணியக் கூடாது. 2019 மார்ச் 27க்கு முன்பே வேலையில் இருந்தவர்கள் அதே பதவியில் இருக்கும்வரை அணிந்துகொள்ளலாம். எங்கள் வேலை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே போடலாம். ஆனால் தொங்கும் சங்கிலி எதுவானாலும் கழற்றச் சொல்வார்கள், அல்லது உள்ளே விடச் சொல்வார்கள். கிருமித் தொற்று ஒரு காரணம், மறதி நோயாளிகள் பிடித்து இழுப்பது இன்னொரு காரணம். அதற்கும் மதத்துக்கும் சம்பந்தமில்லை. என் சிலுவை சட்டைக்குள்தான் இருக்கும். யாரையாவது கட்டிலில் திருப்பிப் படுக்கவைக்கக் குனியும்போது வெளியே வந்துவிடும். அப்போதுதான் கேள்வியும் வரும்.

எங்களை இங்கே ப்ரெபோசே என்பார்கள். குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, ஊட்டுவது, தூக்கி நாற்காலியில் இருத்துவது எல்லாம் எங்கள் பொறுப்பு. என்னோடு நெடுங்காலமாகக் காலை வேலை செய்யும் கியூபெக்காரப் பெண் ஒருத்தி இருக்கிறாள். வேலையில் கெட்டிக்காரி, வாயில் ஒன்றும் நிற்காது. தூக்கும் இயந்திரம் பாதியில் நின்றுவிட்டால் அவள் வாயிலிருந்து நற்கருணைப் பேழை, அப்பம், திருக்கிண்ணம் என்று பீடத்துச் சாமான் அத்தனையும் வந்து விழும். கியூபெக்கில் கெட்ட வார்த்தைகளே அவைதான். ஆரம்பத்தில் காது கூசியது, மனதுக்குள் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். பீடத்துக்குப் பக்கத்திலேயே வளராத ஒரு சனத்துக்கு இப்படித் திட்டத் தெரிந்திருக்காது.

இந்த ஊர் தொடங்கியதே ஒரு கத்தோலிக்கக் குடியேற்றமாகத்தான். 1642இல் வைத்த பெயர் வில்-மரி, மரியாளின் பெயரில். முதல் மருத்துவமனையைத் தொடங்கியவர் ஜான் மான்ஸ். முதல் பள்ளியை 1658இல் ஒரு மாட்டுத் தொழுவத்தில் தொடங்கியவர் மார்கரீத் பூர்ஷுவா, இன்று திருச்சபையின் புனிதை. அதற்குப் பிறகு முந்நூறு வருடம், பிரெஞ்சு பேசும் மக்களின் பள்ளி, ஆஸ்பத்திரி, அநாதை இல்லம் எல்லாம் பெரும்பாலும் குருக்கள், கன்னியர் கையில். 1960இல் லெசாஜ் என்ற முதலமைச்சரின் அரசு வந்தது. 1964இல் மாகாணத்துக்கென்று கல்வி அமைச்சு அமைந்தது. அமைதிப் புரட்சி என்று இவர்கள் சொல்லும் அந்தப் பத்து வருடத்தில் கோயில்கள் காலியாகத் தொடங்கிவிட்டன. இன்று அவற்றில் சில நூலகம், சில அடுக்குமாடி வீடு.

இதெல்லாம் வாசித்துத் தெரிந்துகொள்ளலாம். ஏன் இவ்வளவு கோபம் என்பதை எனக்குச் சொல்லித் தந்தவர்கள் நான் குளிப்பாட்டும் கிழவிகள்தான். தொண்ணூறு தாண்டிய ஒரு மதாம் சொன்னார்: வருடா வருடம் குருவானவர் வீடு வீடாக வருவார். தொட்டில் ஒரு வருடம் காலியாக இருந்தால் ஏன் என்று கேட்பார். கடைசிப் பிள்ளையோடு இவர் செத்துப் பிழைத்தார், இனி வேண்டாம் என்றார் டாக்டர். அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னபோது குருவானவர் பாவமன்னிப்புத் தர மறுத்துவிட்டார். அன்றைக்குக் கோயிலை விட்டு வெளியே வந்தவர் பிறகு கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் தவிர உள்ளே போகவில்லை. இன்னொருவர், 1940, 50களில் கன்னியர் நடத்திய இல்லங்களில் மனநோயாளி என்று பொய்ச் சான்றிதழ் எழுதி அடைக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றிச் சொல்லி அழுதார். அன்றைய முதலமைச்சரின் பெயரால் டுப்ளெசி அநாதைகள் என்று அவர்களை இங்கே எல்லாருக்கும் தெரியும். இதைக் கேட்டுக்கொண்டு முதுகு தேய்க்கும் நான் என்ன பதில் சொல்வது? திருச்சபைக்கு வக்காலத்து வாங்க எனக்கு வாய் வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் மதாம் என்று மட்டும் சொன்னேன்.

நாங்கள் ஊரில் சிறுபான்மையாகவே வாழ்ந்து பழகியவர்கள். யாராவது எங்கள் மதத்தை முறைத்துப் பார்த்தால், அந்நியன் எங்களை வெறுக்கிறான் என்றுதான் உடனே தோன்றும். இங்கே அந்தக் கணக்கு பொருந்தாது. இது வீட்டை விட்டுக் கோபித்துக்கொண்டு போனவர்களின் குடும்பச் சண்டை. நாங்கள் பிந்தி வந்து சேர்ந்த உறவுக்காரர்.

திருநீற்றுப் புதனன்று இது நன்றாகத் தெரியும். எங்கள் தளத்தில் ஒரு சைவத் தம்பி வேலை செய்கிறான். தினமும் நெற்றி நிறையத் திருநீறு. அவனைப் பார்த்து அந்தக் கியூபெக்காரி, "எவ்வளவு அழகான பண்பாடு" என்பாள். வருடத்தில் அந்த ஒரு நாள் நான் கோயிலில் நெற்றியில் பூசிய சாம்பலோடு வந்தால் அவள் முகம் மாறிவிடும். "நீ கூடவா?" தம்பி என்னைப் பார்த்துச் சிரிப்பான். "அக்கா, நாளைக்கு நான் தாறன், என்ர விபூதியைப் பூசிக்கொண்டு வாங்கோ, ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

கேள்விகளும் நையாண்டியும் பரவாயில்லை. உண்மையில் என்னைக் குடைந்த விஷயம் வேறு.

மறதி நோய் முற்றிய ஒரு மதாம் இருந்தார். மாலையானால் பதற்றம் தொடங்கும், போர்வையை இழுப்பார், வீட்டுக்குப் போகவேண்டும் என்பார். ஒரு மாலை என் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, "ஜெ வூ சலூ, மரி" என்று மங்கள வார்த்தை செபத்தைத் தொடங்கினார். மகளின் பெயர் மறந்தவருக்கு அது ஒரு சொல் பிசகாமல் வந்தது. என் அரைகுறைப் பிரெஞ்சில் நானும் சேர்ந்துகொண்டேன். செபமாலை பாதி முடியுமுன் தூங்கிவிட்டார். அதன் பிறகு அது பழக்கமாகிவிட்டது. ஒரு நாள் மகள் வாசலில் நின்று கேட்டுவிட்டார். கூடத்துக்கு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அம்மா புத்தி தெளிவாக இருந்த காலத்தில் தானே முடிவெடுத்துத்தான் கோயிலை விட்டார். புத்தி போன பிறகு நீங்கள் அவரைத் திரும்ப அங்கே இழுக்கிறீர்கள்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் மகள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அம்மாவின் வாயும் அம்மாவுடையதுதான். எந்த அம்மா உண்மையான அம்மா, ஐம்பது வயதில் கோயிலை விட்டவரா, தொண்ணூறில் செபம் சொல்பவரா? இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. தளப் பொறுப்பாளரிடம் விஷயம் போனது. அவர் மதநம்பிக்கை இல்லாதவர், ஆனால் நேர்மையானவர். "நீ தொடங்காதே. அவர் தொடங்கினால் கூடச் சொல்" என்று பராமரிப்புத் திட்டத்திலேயே எழுதிவைத்தார். எங்கள் கோயிலில் சிலருக்கு இந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது. படுக்கையில் கிடப்பவர் எழுந்து போகமுடியாது. அவர் முன்னால் நானாகச் செபம் தொடங்கினால் அந்தக் காலத்துக் குருவானவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? மகளும் பிறகு ஒரு மாதிரி இறங்கிவந்தார். "நான் போன பிறகு சொல்லுங்கள்" என்றார். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு சமாதானமும் நடக்கவில்லை.

இதைவிடக் கடினமானது மருத்துவ உதவியுடன் சாவது. கியூபெக் அந்தச் சட்டத்தை 2014இல் நிறைவேற்றியது, 2015 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. கனடா முழுவதற்கும் 2016இல். இன்று கியூபெக்கில் நூறு இறப்பில் ஏழெட்டு இப்படித்தான். மனச்சாட்சி இடம் தரவில்லை என்று டாக்டர் மறுக்கலாம். ப்ரெபோசேயை யாரும் கேட்பதில்லை, ஊசி எங்கள் கையில் இல்லையே. ஆனால் அன்று காலை குளிப்பாட்டுவது, சவரம் செய்வது, அவர் விரும்பிய சட்டையைப் போட்டுவிடுவது நாங்கள்தான்.

முதல் தடவை அந்த வேலை என் பங்குக்கு வந்தபோது எங்கள் கோயில் குருவான சுவாமியிடம் கேட்டேன். வத்திக்கான் 2020இல் வெளியிட்ட 'சமாரித்தானுஸ் போனுஸ்' என்ற ஆவணத்தை எடுத்து விளக்கினார். அந்த நேரத்தில் கூட இருந்து, நடப்பதற்குச் சம்மதம் என்று தோன்றும்படி எதுவும் செய்யாதே. ஆனால் ஒரு மனிதனைக் குளிப்பாட்டுவது எந்த நாளும் நீ செய்வதுதானே, அதைச் செய். நான் குளிப்பாட்டினேன். முகச்சவரம் செய்யும்போது அந்த ஐயா என் சிலுவையைப் பார்த்துவிட்டு, "என்மேல் கோபமா?" என்று கேட்டார். "இல்லை மிஸ்யூ. நீங்கள் போவதில் எனக்கு விருப்பமில்லை, அதுதான்" என்றேன். "எனக்கு அம்மா ஞாபகம் வருகிறது, அவரும் இப்படித்தான் சொல்லியிருப்பார்" என்றார். ஊசி போடும் நேரத்துக்கு என்னை வேறு தளத்துக்கு மாற்றும்படி கேட்டிருந்தேன். பொறுப்பாளர் ஒரு கேள்வியும் கேட்காமல் மாற்றினார்.

சாப்பாட்டு அறையில்தான் சூடு வாங்கினேன். "வலியை ரசிக்கிற மதம் உங்களுடையது" என்றாள் கியூபெக்காரி. நான் மதத்தைப் பற்றிப் பேசவில்லை. இரவில் ஒரு தளத்துக்கு எத்தனை பேர் வேலையில் இருக்கிறோம், மணி அடித்து எவ்வளவு நேரம் கழித்து நாம் போகிறோம், நான் எல்லாருக்கும் பாரம் என்று அவர்கள் எத்தனை தடவை சொல்லிக் கேட்டிருக்கிறாய் என்று கேட்டேன். அதில் அவளுக்கும் எனக்கும் ஒரு கருத்துத்தான். 2020 வசந்தத்தில் இருவரும் சேர்ந்துதான் அனுபவித்தோம். கியூபெக்கில் கொரோனா முதல் அலையில் செத்தவர்களில் பெரும்பாலோர் முதியோர் இல்லங்களில் இருந்தவர்கள். வேலைக்கு ஆள் இல்லாமல் இராணுவம் வந்தது. குடும்பம் உள்ளே வர முடியாது, சுவாமியும் வர முடியாது. அந்த நாட்களில் 'நீ தொடங்காதே' என்ற விதியை ஒருவரும் நினைவுபடுத்தவில்லை. அவளே இரண்டு தரம் என்னைக் கூப்பிட்டாள், "ஏதாவது சொல்லிவிடு, வேறு யாரும் இல்லை" என்று.

எங்கள் ஆட்கள் சிலர், பிரசங்கத்திலும்கூட, இங்கே நடப்பதை வேதகலாபனை, அதாவது மதத்துக்காக வதைப்பது, என்கிறார்கள். கேட்க எனக்கு வெட்கமாக இருக்கும். 1544இல் திருமுழுக்குப் பெற்றதற்காக யாழ்ப்பாண அரசனால் அறுநூறு பேர் அளவில் கொல்லப்பட்ட மன்னார் எங்கள் ஊர். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் கோயில்களில் குண்டு வெடித்தது. அதற்கு எட்டு வாரம் கழித்துத்தான் இங்கே 21ஆம் சட்டமூலம். முதலாவதற்கு அழுதுவிட்டு இரண்டாவதற்கும் அதே சொல்லைப் பாவிக்க முடியாது. இந்தச் சட்டத்தால் கூடுதலாக அடிபடுவதும் நாங்கள் இல்லை. சிலுவையை மறைக்கலாம், முக்காட்டை எங்கே மறைப்பது? 2021 டிசம்பரில் செல்சி என்ற ஊரில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருவரை ஹிஜாபுக்காக வகுப்பிலிருந்து எடுத்தார்கள். கழுத்துச் சிலுவைக்காகக் குரல் கொடுப்பவர்கள் அவருக்காகவும் கொடுத்தால்தான் நம்புவேன்.

கியூபெக் சட்டமன்றத்தில் சபாநாயகர் இருக்கைக்கு மேலே 1936 முதல் பாடுபட்ட சுரூபம், சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம், ஒன்று இருந்தது. அதை எடுக்கச் சொல்லி 2008இல் ஒரு ஆணைக்குழு பரிந்துரைத்தது. அன்றே உறுப்பினர்கள் ஏகமனதாக வாக்களித்து, அது மரபுச் சொத்து, இருக்கட்டும் என்றார்கள். 2019 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். எங்கள் கோயிலில் பலருக்கு வருத்தம். எனக்கு 2008தான் அதிகம் வலித்தது. ஆண்டவரைப் பழைய அலுமாரி மாதிரி அழகு பார்ப்பவரிடம் என்ன பேசுவது? கோபப்படுகிறவளிடம் பேசலாம், அவள் மறுபடி கேள்வி கேட்பாள்.

கேட்கவும் செய்கிறாள். 2024 டிசம்பரில் முதலமைச்சர் பொது இடங்களில் செபம் செய்வதைத் தடை செய்ய விரும்புவதாகச் சொன்னபோது, அடுத்த நாள் காலை அவளுடைய முதல் கேள்வி, பெரிய வெள்ளிக்கிழமை நாங்கள் தெருவில் போகும் சிலுவைப்பாதை என்னவாகும் என்பதுதான். தெரியாது என்றேன். "அப்படியென்றால் வருகிற தடவை போய்விடு, பிறகு விடுகிறார்களோ என்னவோ" என்று தானே என் வெள்ளிக்கிழமை வேலையை எடுத்துக்கொண்டாள். சும்மா இல்லை. பதிலுக்கு ஜூன் 24 அன்று அவளுடைய வேலையை நான் பார்க்கவேண்டும். அது மாகாணத்தின் தேசிய நாள், அவள் வருடம் முழுவதும் காத்திருக்கும் கொண்டாட்டம். ஸ்நாபக அருளப்பரின் திருநாள் என்று சொல்லிப் பார்த்தேன். "தொடங்காதே" என்றாள்.