அப்பிச்சி பெயரில் பாடுகிறவன்

பள்ளியில் நமக்குத் தமிழ் சொல்லித்தந்த ஐயா தவறிவிட்டார் என்ற சேதி வந்த இரவு, நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் அவருடைய கையெழுத்தைப் பற்றியும் சைக்கிளைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு நம் வகுப்புப் பாட்டுக்காரனின் முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது. அவனைச் சொல்லாமல் ஐயாவைப் பற்றி என்னால் எழுத முடியாது. அவன் இன்று எந்தப் பெயரில் பாடுகிறான் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு பெயரையும் சேர்த்து அச்சில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான், அதனால் விட்டுவிடுகிறேன்.

1987-இல் வெளியூரில் அவன் பாடப் போன அந்தப் பாட்டுப் போட்டி. நடுவர் பாதியில் கையைக் காட்டி நிறுத்தி, "பாடச் சொன்னா பூசாரி மாதிரி கத்தறயே" என்றார். கூடமே சிரித்தது. அவன் அப்பிச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற தாத்தா, உடுக்கையை அடித்துக் கதை பாடும் உடுக்கடிப் பாட்டுக்காரர். பொன்னர் சங்கர் என்ற அண்ணன் தம்பியின் கதையான அண்ணன்மார் கதையைக் கோயில் வாசலில் இரவிரவாகப் பாடியவர். மைக் இல்லாத காலத்தில் கடைசி ஆள் வரைக்கும் கேட்க வேண்டிய பாட்டு அது. அந்தத் தொண்டைதான் இவனுக்கும் வந்திருந்தது. திரும்பும் பஸ்ஸில் இவன் யாரிடமும் பேசவில்லை.

மறுநாள் பிரேயரில் ஐயா அவனை மேடைக்குக் கூப்பிட்டார். "தொண்டையைச் சுருக்காதே கண்ணு. உங்க அப்பிச்சி எப்படிப் பாடுவாரோ அப்படியே பாடு." "சரிங்கய்யா" என்று தொடங்கினான். அன்றைய தமிழ்த்தாய் வாழ்த்து சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி ரோட்டுக்குக் கேட்டது. எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அப்புறம் பள்ளியை விட்டுப் போகும் வரைக்கும் வாழ்த்துப் பாடியது அவன்தான்.

பிளஸ் டூ முடித்ததும் மெல்லிசைக் குழுவில் சேர்ந்தான். பங்குனி, சித்திரை என்றால் நம் கொங்குப் பக்கம் மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா, இல்லாத ஊர் ஏது? முதலில் சாமி பாட்டு, பிறகு துண்டுச் சீட்டில் கேட்கும் பாட்டு, விடியப் போகும்போது குத்துப்பாட்டு. குழுவில் பாடகர்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒருவர் டி.எம்.எஸ். வாய்ஸ், ஒருவர் ஜேசுதாஸ் வாய்ஸ், இவன் எஸ்.பி.பி. வாய்ஸ். பேனரில் குழுவின் பெயரும் ஓனர் பெயரும் மட்டும் இருக்கும். "நல்லா வந்தா எஸ்.பி.பி. மாதிரியே இருக்குதுங்கறாங்க. பிசிறடிச்சா மட்டும் அது என்னோட குரல்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னான். வருத்தமில்லாத மாதிரிதான் சொன்னான்.

2000-இல் ஒலி மாசு விதிகள் வந்தன. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, பிறகு விசேஷ நாளில் அனுமதி கிடைத்தால் 12 வரை என்று தளர்த்தினார்கள். விடிய விடிய நடந்த கச்சேரி சுருங்கியது. 2017-இல், அனுமதியில்லாமல் தன் பாடல்களை மேடையில் பாடக்கூடாது என்று எஸ்.பி.பி.க்கே இளையராஜா தரப்பு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. "அவருக்கே அப்படின்னா, அவர் குரல்ல பாடற எனக்குன்னு என்னடா இருக்குது?" என்று போனில் கேட்டான். அதற்குப் பிறகுதான் சொந்தப் பாட்டு. தறிச் சத்தத்தைப் பாடினான், நொய்யல் ஆற்றைப் பாடினான், சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையைப் பாடினான். எல்லாம் அந்தப் பழைய தொண்டையில்.

தனியாகப் பாட ஒரு பெயர் வேண்டியிருந்தது. கே.பி. சுந்தராம்பாள் கொடுமுடியை இனிஷியலிலேயே வைத்திருந்தார், வாசுதேவன் மலேசியாவை முன்னால் வைத்துக்கொண்டார், நீயும் ஊரைப் போட்டுக்கொள் என்றார்கள். இவன் அப்பிச்சியின் பெயரையே எடுத்துக்கொண்டான். "அப்பிச்சி பேரு எந்தப் போஸ்டர்லயும் வந்ததில்லடா" என்றான்.

ஈரோட்டில் நடந்த முதல் தனிக் கச்சேரிக்கு ஐயா வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் அதை இங்கே சிங்கப்பூரில் வீடியோவில்தான் பார்த்தேன். பிறகு அவன் இங்கே பாட வந்தபோது நேரில் கேட்டேன். சினிமாப் பாட்டுகளை முடித்துவிட்டு உடுக்கையை எடுத்தான். இடது கையால் நடுக்கயிற்றை அழுத்தி அழுத்திச் சுருதியை ஏற்றினான். முதலடியை அவன் பாட, பின்பாட்டை அவன் மகள் வாங்கிப் பாடினாள். பள்ளியில் அந்தப் பின்பாட்டு என்னுடையது. சாப்பாட்டு மணிக்குப் பிறகு வேப்பமரத்தடியில் நாங்கள் பாடியதை நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். கச்சேரி முடிந்து தோளில் கை போட்டு, "நீ ஊர்லயே இருந்திருந்தா" என்று ஆரம்பித்தவன் அதற்கு மேல் சொல்லவில்லை. இந்த ஊர் எனக்கு எவ்வளவோ கொடுத்திருக்கிறது. ஆனால் அந்தப் பின்பாட்டுக்குப் பதிலாக எதையும் நான் இங்கே கண்டுபிடிக்கவில்லை.

நம் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஐயா பெயரில் ஆண்டுதோறும் பரிசு கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம் அல்லவா? அதை மதிப்பெண்ணுக்குக் கொடுக்க வேண்டாம். உடுக்கடிப் பாட்டோ, வள்ளி கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மியோ, வீட்டில் கேட்டு வளர்ந்த பாட்டைப் பாடும் பிள்ளைக்குக் கொடுப்போம். வள்ளி ஒயில் கும்மிக்காக நம் கோவைப் பக்கத்துப் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்ததே, இந்த மாதிரிப் பாட்டை இனி யாரும் கத்தல் என்று சொல்ல முடியாது. போட்டிக்கு நடுவராக அவனையே உட்கார வைப்போம். கேட்டுவிட்டேன், வருகிறேன் என்று சொல்லிவிட்டான்.