கவுன்சலிங் நடுவே மனசு மாறினால்

ரிசல்ட் வந்த அன்று கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்று ஒற்றைக் காலில் நின்ற பிள்ளை, சீட் ஒதுக்கீடு திரையில் வந்ததும் சிவில் வேண்டும் என்று சொல்லும். தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை உதவி மையங்களில் வருடா வருடம் பார்ப்பதுதான். இதற்காக வீட்டில் பஞ்சாயத்து கூட்ட வேண்டியதில்லை. எந்தக் கட்டத்தில் மனசு மாறுகிறது, எதிலிருந்து எதற்கு மாறுகிறது என்று பார்த்தால் போதும், அடுத்து செய்ய வேண்டியது தெரிந்துவிடும்.

கல்லூரி, பாட விருப்பப் பட்டியலைப் பூட்டும் வரை, அதாவது இனி மாற்ற முடியாதபடி உறுதி செய்யும் வரை, மாற்றத்துக்கு ஒரு பைசா செலவில்லை. எத்தனை விருப்பங்களையும் சேர்க்கலாம், அழிக்கலாம், மேலே கீழே நகர்த்தலாம். ஆனால் பெரும்பாலானோர் கோட்டை விடுவதும் இங்கேதான். 'நம்ம கட் ஆஃபுக்கு இது கிடைக்கும்' என்று தோன்றுவதை முதலில் வைத்துவிட்டு, உண்மையில் ஆசைப்படுவதைப் பத்தாவதாகப் போடுகிறார்கள். கணினி மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும். முதலில் காலியாக இருப்பதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். பத்தாவதை அது எட்டிக்கூடப் பார்க்காது. எட்டாத கல்லூரியை முதலிடத்தில் வைத்தாலும் அதற்காகக் கீழே உள்ள வாய்ப்பு குறையாது. ஆகவே வரிசை ஆசையின் வரிசையாக இருக்கட்டும்.

பாடத்தை மாற்றும் அவசரத்தில் குறியீட்டில் கவனம் சிதறும். ஒரே கல்லூரியில் ஒரே பாடம் எஸ்.எஸ். என்ற ஒட்டோடு இன்னொரு முறை இருக்கும். அது சுயநிதிப் பிரிவு, கட்டணம் கூடுதல். தமிழ் வழி சிவிலும் மெக்கானிக்கலும் தனி வரிகளில் வரும். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் சாண்ட்விச் பிரிவை (படிப்போடு தொழிற்சாலைப் பயிற்சியும் கலந்தது) தேர்ந்தால் படிப்பு 4 ஆண்டு இல்லை, 5 ஆண்டு.

தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு ஐந்து பொத்தான்கள் இருக்கும்: ஏற்றுக்கொண்டு சேர்வது, ஏற்றுக்கொண்டு மேல்நகர்வுக்குக் காத்திருப்பது, மறுத்துவிட்டு மேல்நகர்வுக்கு மட்டும் காத்திருப்பது, மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவது, மொத்தமாக விலகுவது. பாடத்தில் மனசு மாறியவர்கள் பலரும் இரண்டாவதை அழுத்துகிறார்கள், சீட்டும் கையில் இருக்கும், மாற்றமும் கிடைக்கும் என்ற நினைப்பில். மேல்நகர்வு என்பது நீங்கள் முன்பே பூட்டிய பட்டியலில், இப்போது கிடைத்ததற்கு மேலே இருக்கும் விருப்பங்கள் மட்டும்தான். புதிதாக எதையும் சேர்க்க முடியாது, வரிசையையும் மாற்ற முடியாது. ஏழாவது விருப்பம் கிடைத்து, இப்போது வேண்டியது பன்னிரண்டாவதாக இருந்தால் மேல்நகர்வால் பயனே இல்லை. அதைவிட மோசம், மேலே உள்ள ஆறில் வேண்டாம் என்று முடிவு செய்த ஒன்று கிடைத்துவிட்டால் ஏழாவது தானாகவே கைவிட்டுப் போகும். திரும்பி வராது. பொத்தானைத் தொடுவதற்கு முன் அந்த ஆறையும் தாளில் எழுதி, இதில் எது வந்தாலும் சம்மதமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஏதாவது ஒன்றுக்கு 'இல்லை' என்ற பதில் வந்தாலும் இரண்டாவது பொத்தான் உங்களுக்கானதில்லை.

புதிய பட்டியல் போட வேண்டுமென்றால் நான்காவது பொத்தான்தான் வழி. கையில் உள்ள சீட் போய்விடும். அடுத்த சுற்றில் இருப்பவர்களை விட உங்கள் தரவரிசை முன்னால் இருக்கும், ஆனால் முதல் சுற்றுக்காரர்கள் எடுத்துப் போனதில் மிஞ்சியதுதான் மேசையில் இருக்கும். ஆகவே எந்தத் திசையில் மாறுகிறீர்கள் என்பதே முக்கியம். கம்ப்யூட்டர் சயின்ஸிலிருந்து சிவில், மெக்கானிக்கலுக்குப் போகிறவருக்கு அடுத்த சுற்றிலும் நல்ல கல்லூரிகளில் இடம் இருக்க வாய்ப்பு அதிகம். சிவிலிலிருந்து கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு இதே வழியில் போகப் பார்ப்பது பெரும்பாலும் சூதாட்டம். கடைசிச் சுற்றில் இருப்பவருக்கு இந்த வழியே கிடையாது.

கம்ப்யூட்டர் சயின்ஸா, ஐ.டி.யா, ஏ.ஐ. டேட்டா சயின்ஸா என்ற குழப்பத்துக்கு இவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பது எங்கள் எண்ணம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் முதல் செமஸ்டர் எல்லாப் பிரிவுக்கும் ஒன்றாகவே இருந்தது: ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், பைத்தான், தமிழர் மரபு. இந்த மூன்று பிரிவுகளுக்கு நடுவே மாற ஒரு சீட்டைத் தூக்கிப் போடுவது வீண்.

கல்லூரியில் சேர்ந்த பிறகு மனசு மாறினால் முதலில் பார்க்க வேண்டியது தேதி. ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) ஒவ்வோர் ஆண்டும் கால அட்டவணை வெளியிடும். அதில் விலகலுக்குக் குறித்துள்ள கடைசி நாளுக்குள் விலகினால், அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைக் கல்லூரி திருப்பித் தர வேண்டும். அசல் சான்றிதழ்களை வைத்துக்கொள்ளக் கூடாது. 'மிச்ச வருஷத்துக்கும் ஃபீஸ் கட்டினால்தான் டி.சி.' என்று எப்போது விலகினாலும் கேட்கக் கூடாது. வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை. விலகல் கடிதம் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பணம் திரும்பும் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான்.

கலை அறிவியல் கல்லூரிகளில் சேர்க்கை முந்தி நடப்பதால், பி.எஸ்சி.யில் சேர்ந்துவிட்டுப் பொறியியலுக்குத் தாவுகிறவர்களும் உண்டு. அவர்களது டி.சி. பழைய கல்லூரியில் இருக்கும். புதிய கல்லூரி அங்கிருந்து வாங்கிய டி.சி.யைக் கேட்கும். ஒதுக்கீட்டை ஏற்ற பிறகு சேர்வதற்குக் கிடைப்பது சில நாட்கள்தான், குறித்த நாளுக்குள் சேராவிட்டால் அந்த இடம் காத்திருக்கும் இன்னொருவருக்குப் போய்விடும். ஆகவே ஒதுக்கீடு உறுதியான அன்றே டி.சி.க்கு விண்ணப்பியுங்கள். பழைய கல்லூரியின் யுமிஸ் (உயர்கல்வி மாணவர் விவரங்களுக்கான அரசு இணையதளம்) பதிவிலிருந்து பெயரை விடுவிக்கவும் அப்போதே கேளுங்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் பெறுகிறவர்களுக்கு, பெயர் விடுபடாவிட்டால் அந்தப் பணம் இழுபறியாகிவிடும்.

கவுன்சலிங்கில் கிடைக்காத பாடத்தை மேனேஜ்மென்ட் கோட்டாவில் வாங்கலாம் என்று நினைக்கும் முதல் பட்டதாரிக் குடும்பங்கள் ஒரு கணக்குப் போட வேண்டும். கல்விக் கட்டணத்தில் ஆண்டுக்குக் கிடைக்கும் 25,000 ரூபாய்ச் சலுகை கவுன்சலிங் வழியாக வந்த சீட்டுக்குத்தான். கட்டண வித்தியாசத்தோடு இதையும் கூட்டி, நான்கால் பெருக்கிப் பாருங்கள்.

பி.எஸ்சி.யிலேயே இருந்து முடித்தாலும் கதவு மூடிவிடாது. பள்ளியில் கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அதற்கான கவுன்சலிங் தனியாக, காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி வழியாக நடக்கிறது.